என் மட்டைதான் உயர்ந்தது!

மாலையில் பூப்பந்து ஆடும் இளைஞர்களைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் வாங்கிய மட்டையைக் குறை சொன்னால், தம்மையே குறை சொன்னதாக எண்ணி அவர் சினம் கொள்கிறார். ஏன்?

அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரேம் 1956-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். பெண்களிடம் வானொலி, ரொட்டி வாட்டும் கருவி போன்ற வீட்டுப் பொருள்களைக் காட்டி மதிப்பிடச் சொன்னார். பிறகு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். மீண்டும் மதிப்பிட்டபோது, எடுத்த பொருள் உயர்ந்தது; விட்ட பொருள் தாழ்ந்தது. இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தபோதே இம்மாற்றம் மிகுதி!

'நான் விவரமானவன்' என்ற எண்ணமும், 'ஏமாந்துவிட்டேனோ' என்ற எண்ணமும் ஒரே மனத்தில் அமைதியாக இருக்க மாட்டா. ஆகவே மனம் தன் தேர்வையே புகழ்ந்து அமைதி தேடுகிறது. வியர்வை சிந்திச் சேர்த்த பணம் என்றால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே, எதையும் வாங்குமுன், "இது நல்லதா?" என்று வாங்கியவரைக் கேட்காதீர்கள். "இதில் என்ன குறை?" என்று கேளுங்கள். உண்மை வெளிவரும். அவர் வாங்கி முடித்த பொருளையோ இகழாதீர்கள். மட்டை அறுந்தால் நரம்பு மாற்றலாம். நட்பு அறுந்தால் கட்டுவது அரிது.