வாசல் கதவு மாற்றும் முன் அளவைச் சரிபாருங்கள்

வணிகப் பெருமக்களாகிய நாம் நிறுத்துப் பார்க்காமல் ஒரு மூட்டை பருப்பைக்கூட இறக்கிக் கொள்வதில்லை. எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைத்துக் கொள்கிறோம். ஆனால் வீட்டு வாசல் கதவை மாற்றும்போது மட்டும் "ஏழுக்கு மூன்று" என்று வாயால் சொல்லிவிட்டு, முன்பணத்தையும் கொடுத்துவிட்டுக் கடைக்குத் திரும்பி விடுகிறோம். கதவு வந்து இறங்கிய பிறகுதான் அது நிலையில் உட்காராது என்று தெரிகிறது.

நம்மில் பலர் கடைக்கு மேலேயோ பின்கட்டிலோதான் குடியிருக்கிறோம். அன்றைய வசூல் இரவில் வீட்டில்தான் இருக்கிறது. எனவே வாசல் கதவு சரியாகச் சாத்த வேண்டும் என்பது அழகுக்காகச் சொல்லும் விஷயம் அல்ல; நம் குடும்பத்தின் பாதுகாப்பு அதில் இருக்கிறது.

பழைய கதவு அளவாகாது

ஆசாரியை அழைத்தால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பழைய கதவு இருக்குல்லா அண்ணாச்சி, அது போதும்" என்பதுதான். அது போதாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கதவு உப்பிப் பிடிக்கும்போதெல்லாம் அதன் ஓரத்தை இழைப்புளியால் சீவியிருப்போம். தரையில் உரசியபோது அடியை அறுத்திருப்போம். இருபது வருஷம் இப்படிச் சீவிய கதவை மாதிரியாக வைத்துப் புதுக் கதவு செய்தால், இருபது வருஷத்துக் குறையையும் சேர்த்தே செய்ததாகும். அளவு எடுக்க வேண்டியது நிலையில்தான்.

அதிலும் பழைய வீடுகளில் கீல் இல்லாத குடுமிக் கதவு இருக்கும். அது நிலைக்கு உட்புறம் சாத்தி நிற்பது. ஆகவே வாசல் திறப்பைவிட அகலமாக இருக்கும். அதை அளந்து கீல் கதவு செய்தால் நிலைக்குள் போகவே போகாது.

காடிக்குள் வைத்து அளக்க வேண்டும்

நிலைச்சட்டத்தில் கதவு உட்காருவதற்காக வெட்டிய காடி பொதுவாக அரை அங்குலம் இருக்கும். நாம் நடந்து போகும் திறப்பை மட்டும் அளந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு அங்குலம் குறைந்து போகும். காடியின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை அளப்பதே சரியான அகலம். உயரத்தையும் மேல்சட்டத்துக் காடியிலிருந்து தரை வரை அளக்க வேண்டும்.

நம்மிடம் சரக்கு எடுக்கும் மளிகைக்கடைக்காரர் ஒருவர் தீபாவளிக்கு முன் வீட்டுக் கதவை மாற்றினார். வாசல் திறப்பை அளந்து 2 அடி 11 அங்குலம் என்று டெலிபோனில் சொல்லி, வெளியூரிலிருந்து ரெடிமேட் கதவு வரவழைத்தார். பழைய கதவை அதற்கு முந்தின நாளே கழற்றி மரக்கடைக்குப் போட்டு விட்டார். வந்த கதவு 2 அடி 11 அங்குலமே இருந்தது. ஆனால் காடியோடு சேர்த்து 3 அடி இருந்த நிலையில் அது பிடிக்க இடமில்லாமல், ஓரம் வழியாகத் தெரு தெரிந்தது. "நீங்கள் சொன்ன அளவுக்குத்தானே கொடுத்தோம்" என்று விற்றவர் கையை விரித்து விட்டார். தீபாவளி வசூலை வீட்டில் வைத்துக்கொண்டு, மனைவியையும் மகளையும் உள்ளே படுக்கவைத்து, அவர் மூன்று இரவு வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுக் கண்விழித்தார். பிறகு ஓரத்தில் ஒரு ரீப்பரை ஒட்டிச் சாத்தினார்கள். அடுத்த மழையில் ரீப்பர் எழும்பிக் கொண்டது.

விற்றவர் மீதும் குறை சொல்ல முடியவில்லை. வாங்கியவர் சொன்னதும் பொய்யல்ல. எந்த இடத்தில் அளந்தது என்பதை இருவருமே பேசிக்கொள்ளவில்லை. பணம் போட்டவருக்குத்தான் நஷ்டம்.

மூன்று இடத்தில் அளந்து சிறியதை எடுங்கள்

எந்த நிலையும் மேலும் கீழும் ஒரே அளவாக இருப்பதில்லை. அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்திலும், உயரத்தை இடது, நடு, வலது என்று மூன்று இடத்திலும் அளந்து, இரண்டிலும் மிகச் சிறியதைக் கணக்கில் கொள்ள வேண்டும். துணி டேப் இழுத்தால் நீளும். இரும்பு டேப்பையே பயன்படுத்துங்கள்.

பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நிலை சதுரமாக நிற்கிறது. 2 நூலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நிலை சாய்ந்திருக்கிறது. அப்போது ஆசாரி நேரில் வந்து தூக்குக் குண்டும் மூலைமட்டமும் வைத்துப் பார்க்காமல் கதவுக்குச் சொல்லக் கூடாது.

சிறிய அளவிலிருந்தும் இடைவெளி கழிக்க வேண்டும். எட்டு நூல் ஒரு அங்குலம் என்பது தச்சுக் கணக்கு. பக்கத்துக்கு 1 நூல், மேலே 1 நூல், அடியில் 3 நூல் என்று விடலாம். உதாரணமாக, காடி அகலம் மேலே 36 அங்குலம், நடுவில் 35 அங்குலம் 6 நூல், கீழே 36 அங்குலம் 1 நூல் என்றால், 35 அங்குலம் 6 நூலில் 2 நூல் கழித்து 35 அங்குலம் 4 நூல் கதவு அகலம். சிறிய உயரம் 6 அடி 8 அங்குலம் என்றால், 4 நூல் கழித்து 6 அடி 7 அங்குலம் 4 நூல் கதவு உயரம். வீட்டுக்குள் புதிதாக டைல்ஸ் போடுவதாக இருந்தால் அந்த வேலை முடிந்த பிறகே உயரம் எடுங்கள்.

அடியும் மில்லிமீட்டரும்

ரெடிமேட் கதவு விற்பவர்கள் 2100க்கு 900 என்று மில்லிமீட்டரில் சொல்வார்கள். நாம் அதையே ஏழுக்கு மூன்று என்று எடுத்துக் கொள்கிறோம். 3 அடி என்பது 914 மில்லிமீட்டர், 900 அல்ல. 7 அடி என்பது 2134 மில்லிமீட்டர்; 2100 அல்ல. அகலத்தில் அரை அங்குலத்துக்கு மேலும், உயரத்தில் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேலும் வித்தியாசம் வருகிறது. எனவே ஆர்டர் சீட்டில் இரண்டு கணக்கிலும் எழுதச் சொல்லுங்கள்.

"பெரிதாக இருந்தால் அறுத்துக் கொள்ளலாம்" என்பதும் முழுக்கச் சரியல்ல. ஃப்ளஷ் கதவின் ஓரத்தில் மட்டுமே கட்டை மரம் பதித்திருப்பார்கள். அதற்கு மேல் அறுத்தால் உள்மரம் வெளியே தெரியும்; மழைத் தண்ணீர் இறங்கும்; கீல் ஆணியும் பூட்டு ஆணியும் பிடிக்காது.

நிலையையும் சோதியுங்கள்

தேக்குக் கதவு 7 அடிக்கு 3 அடி, 35 மில்லிமீட்டர் கனம் என்றால் 40 கிலோவுக்கு மேல் எடை வரலாம். அதை மூன்று கீலில் தாங்கப் போவது நிலைதான். நிலைக்காலின் அடியில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கரையான் அரித்து உள்ளே போனால், நிலையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அப்போது அளவு முழுவதும் மாறும். சுவரில் உள்ள திறப்பை அளக்க வேண்டியிருக்கும். நிலையோடு சேர்ந்தே வரும் இரும்புக் கதவுக்கும் இதே முறைதான்.

காடியின் ஆழத்தையும் பார்த்துக் கதவின் கனத்தைச் சொல்லுங்கள். 30 மில்லிமீட்டர் காடியில் 35 மில்லிமீட்டர் கதவு வைத்தால் வெளியே துருத்திக் கொண்டு நிற்கும்.

அளவுச் சீட்டு

சரக்குக்குப் பில் போடுவது போல, கதவுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொள்வது நல்லது. அதில் இருக்க வேண்டியவை:

1. காடிக்குக் காடி அளந்த மூன்று அகலம், மூன்று உயரம்.
2. இடைவெளி கழித்த கதவு அளவு, அங்குலத்திலும் மில்லிமீட்டரிலும்.
3. கதவின் கனம்.
4. தெருவில் நின்று பார்க்கும்போது கீல் இடது பக்கமா, வலது பக்கமா. கதவு உள்ளே திறப்பதா, வெளியே திறப்பதா.
5. பூட்டு, தாழ்ப்பாள் வரும் உயரம்.
6. அளவு எடுத்தவர் கையெழுத்து, தேதி.

இவற்றில் ஆறாவதுதான் முக்கியம். கூடியவரை, கதவு செய்து மாட்டுகிறவரே வந்து அளவும் எடுக்கட்டும். நாம் அளந்து சொன்னால் பொறுப்பு நம்முடையது. அவர் அளந்து கையெழுத்துப் போட்டால் பொறுப்பு அவருடையது. கையெழுத்துப் போட வேண்டும் என்றால் எந்த ஆசாரியும் இன்னொரு முறை டேப்பை இழுத்துப் பார்ப்பார். அந்த ஒரு முறைதான் நமக்கு வேண்டியது.

கடைசியாக ஒன்று. புதுக் கதவு வீட்டுக்கு வந்து, சீட்டோடு ஒத்துப் பார்த்து, அளவு சரி என்று தெரியும் வரை பழைய கதவைக் கழற்ற விடாதீர்கள். காலையில் கழற்றி மாலைக்குள் மாட்டிப் பூட்டிப் பார்க்க முடிகிற நாளாகத் தேர்ந்தெடுங்கள். பண்டிகை நெருக்கத்தில் இந்த வேலையை வைத்துக் கொள்ள வேண்டாம். மீதிப் பணத்தையும் கதவு உரசாமல் சாத்தி, தாழ்ப்பாள் விழுந்த பிறகே கொடுங்கள்.