மலைக்குக் கீழே ஒரு சனி ஞாயிறு

கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் இருக்கிற எங்களுக்கு மே மாதம்தான் பயம். 2003 மேயில் இரத்தினபுரி வெள்ளம், 2016 மே 17இல் அரநாயக்க மண்சரிவு, அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயத்தில் மண்சரிவு, 2017 மேயில் மறுபடி இரத்தினபுரி வெள்ளம். எல்லாம் தென்மேல் பருவமழை தொடங்கும் நேரம். நவம்பர் மழைக்கு நாங்கள் அஞ்சியதில்லை. 2025 நவம்பர் 28, வெள்ளிக்கிழமை, டித்வா புயல் கிழக்குக் கரையேறியது என்று ரேடியோவில் கேட்டபோது மட்டக்களப்புச் சனங்களை நினைத்துத்தான் கவலைப்பட்டோம்.

புயல் என்றால் காற்று என்றே நினைக்கிறோம். மலைநாட்டில் ஆளைக் கொல்வது மண். கடலிலிருந்து புயல் இழுத்துவரும் ஈரக் காற்று மலையில் முட்டி மேலே ஏறுகிறது, குளிர்கிறது, அங்கேயே கொட்டித் தீர்க்கிறது. டித்வா மெதுவாக நகர்ந்ததால் மழை ஓயவே இல்லை.

வெள்ளி இரவே கரண்ட் போய்விட்டது. சனிக்கிழமை பகலில் ஃபோனில் சிக்னலும் இல்லை. எங்களுக்கு ஒரு காம்பரா, ஒரு குசினி, முன்னால் இஸ்தோப்பு. குசினிச் சுவருக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்மேடு, அதற்கு மேலே ரப்பர் மலை. பிள்ளைகளைக் கட்டிலில் ஏற்றிவிட்டு, ஈர விறகோடு போராடி ரொட்டி சுட்டேன். பால் வெட்டியே காலம் கழித்த என் மாமனார் மட்டும் உள்ளே வரவில்லை. "பீலியப் பாத்துக்கிட்டே இருங்க. தண்ணி கலங்குனா ஒடனே சொல்லணும்" என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பீலிக்குத் தண்ணீர் தரும் மலை ஊற்று திடீரென்று கலங்கினாலும், வற்றினாலும், இல்லாத இடத்தில் புதிதாகப் பொங்கினாலும் உள்ளே மண் நகர்கிறது என்று கொள்ளவேண்டும். தரையில் வெடிப்பு, இறுகிப்போன கதவு, சாய்ந்த மரம் இவையும் அப்படித்தான்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மழையை அளவாக வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற வேண்டும். அந்த வாரம் எங்கள் மாவட்டத்துக்கும் சிவப்பு எச்சரிக்கை வந்தது. ஆனால் கரண்டும் சிக்னலும் இல்லாத லயத்துக்கு அதை யார் கொண்டுவருவது? நேரான பக்கமுள்ள ஒரு பால்மா டின்னை வெட்டவெளியில் வைத்து, பிள்ளையின் அடிமட்டத்தால் அளந்தோம். டின்னில் பதினைந்து சென்ரிமீற்றர் நின்றால் அது 150 மில்லிமீற்றர். இதை ஒவ்வொரு லயத்திலும் செய்யலாம், செய்யவேண்டும்.

சனி பின்னேரம் டின் அந்த அளவைத் தொடுமுன்பே பீலித் தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது. மேட்டுக் கோயிலுக்குப் போவதென்று முடிவானது. பக்கத்துக் காம்பராப் பெரியம்மா அசையவில்லை. "கோழிய விட்டுட்டு எங்க புள்ள வர்றது?"

"ஐடென்டிட்டியையும் ஈபிஎஃப் கடுதாசியையும் எடுங்க பெரியம்மா, கோழிய நான் தூக்கிக்கிறேன்" என்று மாமனார் கூடையைக் கையில் எடுத்த பிறகுதான் எழுந்தார்.

ஞாயிறு விடிந்தபோது லயத்தின் கடைசிக் குசினிகளுக்குள் மேடு இறங்கியிருந்தது. எங்களில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. நாடு முழுக்க 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு அதே காம்பராவுக்குத்தான் திரும்பினோம். வேறு எங்கே போவது? வெள்ளைக்காரன் காலத்தில் வேலைக்கு ஆள் கிட்டத்தில் இருக்கவேண்டும் என்று மலையை வெட்டிக் கட்டிய வரிசைகள் இவை. காணி எங்களுடையதல்ல. பின்னால் ஒரு கான் வெட்டவும் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பவும் தோட்டத்தைக் கேட்கவேண்டும். "பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்" என்ற அறிவிப்பு, போக இடமுள்ளவர்களுக்காக எழுதப்பட்டது. இந்திய உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகளும் பிறகு 10,000 வீடுகளும் என்று திட்டங்கள் வந்தன. வரவேற்கிறோம். எங்கள் லயத்துக்கு அவை இன்னும் வரவில்லை. கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்ணைப் பார்த்து இது சரியான இடம் என்று எழுதித் தரட்டும். அந்த இடத்தில் எங்கள் பெயரில் உறுதியோடு அரசாங்கம் காணி தரட்டும். வீட்டை நாங்களே கட்டிக்கொள்வோம். அடுத்த மே மாதத்துக்கு முன்பே தரட்டும்.