எந்தத் தாள் கடைசித் தாள்?

உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், ஒரு மலைச்சரிவின் மேல் வடக்கு தெற்காக 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்கச் செல்பவர்கள் வான சாஸ்திரத்தைப் பற்றிய கேள்விகளோடு திரும்புவதே வழக்கம். அந்தக் கருவியைத் தாங்கி நிற்கும் இரும்பைப் பற்றி யாரும் அதிகமாக விசாரிப்பதில்லை. விசாரித்தால் அதுவும் ரசமான விருத்தாந்தமாகவே இருக்கும். ஓர் இடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை சரிவுள்ள மலையொன்றைத் தேடிப் பிடித்து, ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த அந்தச் சரிவில் தொலைநோக்கியை நீளவாட்டில் கிடத்திவிட்டால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும் என்றும், பிறகு அந்த ஒரே அச்சில் மெல்லத் திருப்புவதாலேயே வானத்தின் ஒரு புள்ளியைப் பல மணி நேரம் இடைவிடாமல் நோக்கலாம் என்றும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப் கண்ட யுக்தி, 1970ஆம் ஆண்டில் காரியசித்தி பெற்றது.

கருவியின் குறுக்குவாட்டு வடிவம் பரவளைவு. அதன் அகலம் 30 மீட்டர். அந்த வளைவை உருவாக்குபவை 24 இரும்புச் சட்டங்கள். சட்டத்துக்குச் சட்டம் 23 மீட்டர் இடைவெளி விட்டால் 23 இடைவெளிகளுக்கு 529 மீட்டர். கணக்கு சரியாகவே இருக்கிறது. சட்டங்களின் மேல், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரையில், 1100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. கருவி ஏற்கும் அலையின் நீளம் சுமார் 92 சென்டிமீட்டர் ஆதலால், கம்பிகளுக்கு நடுவே உள்ள சந்து அந்த அலைக்கு ஒரு பொருட்டே அன்று. தகடு அடித்த பரப்பில் பட்டதுபோலவே அது பிரதிபலித்துத் திரும்புகிறது. ஆனால் பரப்பு எந்த இடத்திலும் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல், அதாவது நாலைந்து சென்டிமீட்டருக்கு மேல் பிசகலாகாது என்பது இத்தகைய கருவிகளுக்குப் பொதுவான நியதி. இருபத்துநான்கு சட்டங்களும் ஒரே வளைவில் அமைந்தாலொழிய அந்த நியதியைக் காப்பாற்ற முடியாது.

இதற்கு வரைவு அறையில் என்ன பொருள் என்று பார்ப்போம். இரும்புக் கட்டுமானத்தில் பொறியாளர் எனப்படுகிறவர் சுமையைக் கணக்கிட்டு, உத்தரம் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்; ஆனால் எந்தத் தகட்டை எந்த நீளத்துக்கு வெட்டுவது, எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் துளை போடுவது, எந்த விளிம்பில் எவ்வளவு கனத்துக்கு வெல்டிங் வைப்பது என்ற சகல விவரங்களையும் துண்டுக்குத் துண்டு எழுதிக் காட்டுகிறவர் டீடெய்லர். இருபத்துநான்கு சட்டங்கள் ஒன்றேபோல் இருந்தால் அவர் இருபத்துநான்கு தாள் வரையமாட்டார். ஒரே தாளை வரைந்து, இதுபோல் 24 என்று ஓரத்தில் எழுதிவிடுவார். அந்தச் சிக்கனத்துக்குள்தான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. முத்தோரையில் நடந்ததென்று அல்ல, கணக்குக்காக மட்டும் கற்பித்துக்கொள்வோம்: பத்துச் சட்டங்கள் பட்டறையில் முடிந்த பிறகு, ஒரு துளையை 20 மில்லிமீட்டர் தள்ளிப் போடவேண்டும் என்று தீர்மானமாகிறது. முடிந்த பத்தையும் திருத்துவதா, அப்படியே விடுவதா? விட்டால் அவற்றுக்கும் பாக்கிப் பதினான்குக்கும் ஒரே எண் இருக்கலாமா? புதிய தாளின் ஓரத்தில் 24 என்பதை 14 ஆக்க மறந்துவிட்டால் பட்டறைக்காரர் எத்தனை செய்வார்? துளையைத் தள்ளுவது ஒரு நிமிஷ வேலை. இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்வதுதான் வேலை. இதைத்தான் தொழிலில் ரிவிஷன் என்கிறார்கள்.

கையால் வரைந்த காலத்தில் திருத்தம் செய்வதே ஒரு பிரயாசை. ட்ரேசிங் தாளில் காய்ந்துபோன மசியைச் சவரப் பிளேடால் தாள் கிழியாமல் சுரண்டி, அந்த இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, மேலே புதிய கோடு போட்டு, தாளின் வலது மூலையில் உள்ள கட்டத்தில் அடுத்த ரிவிஷன் எழுத்தையும் தேதியையும் காரணத்தையும் எழுதி, அமோனியா நெடி வீசும் அறையில் மறுபடியும் பிரதிகள் எடுத்து, பழைய பிரதி யார் யாரிடம் இருக்கிறதோ அவர்களிடமெல்லாம் ஆள் அனுப்பித் திரும்ப வாங்க வேண்டும். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றவர்களுக்குப் பழைய ஏடொன்று அகப்பட்டால் அது பெரும் பாக்கியம். பாடபேதங்களை அடிக்குறிப்பிலே பத்திரப்படுத்துவார்கள். டீடெய்லரின் உலகம் இதற்கு நேர் விரோதமானது. அங்கே பழைய பிரதி விஷம். பாடபேதம் இரண்டு பேர் கையில் ஒரே சமயத்தில் உயிரோடு இருந்தால் இரும்பு பொருந்தாது, அல்லது பொருந்தியும் நிற்காது.

பொருந்தியும் நிற்காமல் போனதற்கு உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்தில் நடந்தது. அங்கே ஹயாட் ரீஜன்ஸி ஓட்டலின் கூடத்தில், நான்காம் மாடி உயரத்தில் ஒரு நடைபாலமும் அதற்கு நேர் கீழே இரண்டாம் மாடி உயரத்தில் இன்னொன்றும் கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளால் தொங்கவிடப்பட்டிருந்தன. முதல் யோசனைப்படி ஒரே நீளக் கம்பி கூரையிலிருந்து புறப்பட்டு மேல் பாலத்தின் உத்தரத்தைத் துளைத்துக்கொண்டு கீழ்ப் பாலம் வரையில் இறங்க வேண்டும்; ஒவ்வொரு பாலத்தின் சுமையும் அந்தந்த உத்தரத்துக்கு அடியில் இருக்கும் நட்டின் வழியே நேராகக் கம்பிக்குப் போய்விடும். அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டுவது சங்கடம் என்று கருதி, பட்டறை வரைபடத்தில் கம்பியை இரண்டாக்கினார்கள்: ஒன்று கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு, மற்றொன்று மேல் பாலத்தின் உத்தரத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு. தாளில் பார்த்தால் சொற்ப மாற்றம். ஆனால் கீழ்ப் பாலம் அதன்பின் கூரையில் தொங்கவில்லை; மேல் பாலத்தில் தொங்கிற்று. மேல் உத்தரத்தின் நட்டு ஒரு பாலத்துக்குப் பதிலாக இரண்டு பாலங்களைச் சுமந்தது. முதல் யோசனையே விதிகள் கோரிய பலத்தில் அறுபது சதவீதம் மட்டும்தான் கொண்டிருந்தது என்பது பின்னர் விசாரணையில் வெளியாயிற்று; அதிலும் பாதி இந்த மாற்றத்தால் போயிற்று. பொறியாளரின் முத்திரை அந்தத் தாளில் விழுந்தது. மறுபடி கணக்குப் போட்டவர் ஒருவரும் இல்லை. 1981 ஜூலை 17 அன்று மாலை, கூடம் நிறைய ஜனங்கள் நடனத்தைக் கண்டு களித்துக்கொண்டிருக்கையில், இரண்டு பாலங்களும் இடிந்து விழுந்தன. 114 பேர் மாண்டார்கள். பொறுப்பான பொறியாளர்கள் தங்கள் உரிமத்தை இழந்தார்கள்.

இன்று ட்ரேசிங் தாளையும் பிளேடையும் தேடினாலும் காண முடியாது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உள்ள டீடெய்லிங் அலுவலகங்கள், பின்லாந்தில் பிறந்த டெக்லா ஸ்ட்ரக்சர்ஸ், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்த எஸ்.டி.எஸ்.2 போன்ற மென்பொருள்களில் அயல்நாட்டுக் கட்டடங்களுக்கும் உள்நாட்டுக் கட்டடங்களுக்கும் இரும்பு வரைகின்றன. இங்கே முதலில் எழுவது தாள் அன்று, கட்டடத்தின் முப்பரிமாண மாடல். ஒவ்வொரு தூணும் தகடும் போல்ட்டும் அதில் முழு உருவில் இருக்கும், தாள்கள் அதிலிருந்து வெட்டி எடுத்த காட்சிகள் மாத்திரமே. மாடலில் ஓர் உத்தரத்தை நீட்டினால் அதைக் காட்டுகிற தாள்களும் பின்தொடர்ந்து மாறிக்கொள்ளும். வியக்கத்தக்க வசதிதான். என்றாலும் இந்த வசதியே ஒரு புதிய விபரீதத்துக்கும் வாசல் திறந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். பிளேடு பிடித்த கைக்குத் தான் மாற்றுகிறோம் என்பது தெரிந்திருந்தது. இப்போது மூலையில் B என்ற அதே எழுத்து நின்றுகொண்டிருக்க, உள்ளே உள்ள சித்திரம் யாரும் கைவைக்காமலே வேறாகிவிடக்கூடும். நேற்றுப் பட்டறைக்குப் போன B ஒன்று, இன்று கணினியில் இருக்கும் B ஒன்று.

மென்பொருளை ஆக்கியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஒரு தாளை வெளியே அனுப்பியதாகக் குறித்துவிட்டால், பிறகு அதில் மாற்றம் நேர்ந்தவுடன் தாள்களின் பட்டியலில் எச்சரிக்கைக் குறி தோன்றும். தாளைப் பிறர் தொடாதபடி பூட்டி வைக்கலாம். மாடல் மாறினாலும் தாள் மாறாதபடி உறையவைக்கவும் செய்யலாம். மாறிய இடத்தைச் சுற்றி மேக வடிவில் ஒரு கோடு வளைத்து, பக்கத்தில் சிறு முக்கோணத்துக்குள் ரிவிஷன் எழுத்தை இட்டு, அடுத்த ரிவிஷன் வரும்போது பழைய மேகத்தைக் கலைத்துவிட்டு முக்கோணத்தை மட்டும் விட்டுவைப்பது தொழிலில் பலர் கைக்கொள்ளும் மரியாதை. ஒப்புதலுக்கு அனுப்பும் தாள்களுக்கு எழுத்தும், பட்டறைக்குக் கொடுத்தபின் 0, 1, 2 என்று எண்ணும் இடுவது அமெரிக்க வேலைகளில் பரவலான வழக்கம். ஐ, ஓ, க்யூ, எஸ், எக்ஸ், இசட் என்ற ஆறு எழுத்துகளை ரிவிஷனுக்கு உபயோகிக்கலாகாது என்று அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதி சொல்கிறது. ஐ என்பது ஒன்றுபோலவும் ஓ என்பது பூஜ்யம்போலவும் மங்கிய பிரதியில் தெரியும் என்பதை எண்ணிப் பார்த்தால், விதி செய்தவர்களின் அனுபவம் புலப்படும். ஆனால் இத்தனை ஏற்பாடு இருந்தும், மாறியது என்று மட்டும் கணினி சொல்லும்; அந்த மாற்றம் கான்சாஸ் கம்பியைப் போன்றதா, எழுத்துப்பிழை திருத்தம் போன்றதா என்று நிர்ணயிப்பது அதன் சக்திக்கு அப்பாற்பட்டது. ரிவிஷன் கட்டத்தில் 'பொதுத் திருத்தம்' என்று எழுதிவிட்டுக் கைகழுவுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வருகிறது.

எண்ணிடுதல் இன்னும் நுட்பமானது. ஒன்றேபோன்ற துண்டுகளுக்கு ஒரே எண் கொடுப்பதை மென்பொருள் தானே செய்துவிடும். முன் சொன்ன இருபத்துநான்கில் ஒன்றுக்கு மட்டும் ஒரு துளை கூடினால், இருபத்துமூன்றுக்குப் பழைய எண்ணும் அந்த ஒன்றுக்குப் புதிய எண்ணும் விழும். அது நியாயமே. ஆனால் ஏற்கெனவே செய்து, எண்ணைக் குத்தி, பெயின்ட் அடித்து முற்றத்தில் அடுக்கியிருக்கும் உத்தரத்தை எவராவது மாடலில் சிறிது தொட்டுவிட்டு, எண்களை மறுபடி ஓடவிட்டால், அதற்கும் வேறு எண் விழக்கூடும். இரும்பின் மேல் B27 என்றும், சைட்டில் எந்தத் துண்டு எங்கே நிற்கும் என்று காட்டும் எரெக்‌ஷன் தாளில் அதே இடத்துக்கு B31 என்றும் இருந்தால், கிரேன் காத்திருக்க, மேஸ்திரி இல்லாத B31ஐத் தேடி முற்றமெல்லாம் அலைவார். மாறிய துண்டைப் பழையதோடு ஒப்பிடுவதா, புதிய எண் தருவதா, கூடியவரை பழைய எண்ணையே காப்பதா என்று மென்பொருளில் மூன்று வழிகள் வைத்திருப்பது இதற்காகவே. வேலையின் எந்தக் கட்டத்தில் எது என்பதை அலுவலகத்தில் ஒருவர் பொறுப்பேற்றுத் தீர்மானித்தாக வேண்டும்.

சமவெளியில் இந்தப் பிழைகள் பணத்தோடு போய்விடும். நீலகிரியில் அவற்றுக்கு வேறு விலை. குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் இலையை வாட்டும் மாடியை நீட்டுவதாக வைத்துக்கொள்வோம். இரும்பு சமவெளிப் பட்டறையொன்றில் உருவாகி, மேட்டுப்பாளையம் வழியாக லாரியில் மலையேறும். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் லாரி எவ்வளவு நீளத்தைத் திருப்ப முடியும் என்பதே கூரைச் சட்டத்தை எத்தனை துண்டாக்குவது என்பதை நிர்ணயிக்கிறது. பட்டறை வேலை ஆரம்பித்தபின் லாரிக்காரர் வந்து, இந்த நீளம் திரும்பாது, குறையுங்கள் என்பார். உடனே இணைப்பு இடம் நகரும். இரண்டு துண்டுகளின் தாள், நடுவே வைக்கும் தகட்டின் தாள், போல்ட் பட்டியல், எரெக்‌ஷன் தாள் ஆகிய அத்தனையும் சேர்ந்து மாற வேண்டும். இணைப்பு நகர்ந்தால் அங்கே நிலவும் விசையும் வேறு என்பதால் பொறியாளரும் மறுபடி கணக்கிட வேண்டும். இதில் ஒரு தாள் பின்தங்கினாலும், பொருந்தாத துண்டு ஒன்று மலையுச்சிக்கு வந்துசேரும். திருப்பி அனுப்பினால் கூலியும் நாளும் நஷ்டம். ஆகவே சாரல் மழையில், கேஸ் கட்டரால் அங்கேயே துளையை அகலப்படுத்தும் சபலம் எவருக்கும் தோன்றும். தீச்சுவாலையால் கோணல்மாணலாக வெட்டிய துளையில் போல்ட் சரியாக உட்காராது. மேக்னட் டிரில் கொண்டுவந்து, பொறியாளரைக் கேட்டு, புதிய துளை போடுவதே முறை.

சைட்டில் தாள் படும் பாடும் கவனிக்கத்தக்கது. ரத்து என்று சிவப்பு முத்திரை குத்திப் பழைய பிரதிகளைத் திரும்பப் பெறுவது இன்றும் நல்ல நிர்வாகிகள் செய்கிற காரியந்தான். ஆனால் பழைய தாள் இப்போது மேஸ்திரியின் செல்போனில் வாட்ஸ்அப் வழியே வந்து உட்கார்ந்திருக்கிறது, அதை எந்த முத்திரையாலும் ரத்து செய்ய முடியாது. தாளின் மூலையில் க்யூஆர் கட்டம் அச்சிட்டு, செல்போனைக் காட்டினால் இதுதான் கடைசி ரிவிஷனா என்று சொல்லும் ஏற்பாடு சில இடங்களில் உண்டு. எஸ்டேட் பள்ளங்களில் சிக்னல் கிடைக்காத இடத்தில் அந்தக் கட்டம் வெறும் அலங்காரம். அங்கே பயன்படுவது பழைய உபாயமே: ஒவ்வொரு லாரியோடும், அன்றைய தேதியில் செல்லுபடியாகும் தாள்களின் எண்ணையும் ரிவிஷனையும் எழுதிய ஒரே பக்கப் பட்டியலை அனுப்பி, அதில் இல்லாத எந்தத் தாளையும் வைத்து வேலை செய்யக்கூடாது என்று கட்டளையிடுவது.

எல்லாம் முடிந்தபின் எஞ்சுவது கடைசித் தாள். சைட்டில் நேர்ந்த மாற்றங்களை மேஸ்திரி சிவப்புப் பென்சிலால் பிரதியில் குறித்திருப்பார். அவற்றை மாடலில் ஏற்றி, கட்டியபடியே என்ற தலைப்போடு இறுதி ரிவிஷன் வெளியிட வேண்டும். அரை நூற்றாண்டு கடந்து இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும் முத்தோரைத் தொலைநோக்கியைப் போன்ற ஓர் அமைப்பில், துருவேறிய உறுப்பொன்றை நாளை மாற்ற நினைக்கும் பொறியாளருக்கு, முதலில் எண்ணியதைக் காட்டும் தாளைவிட உண்மையில் நின்றதைக் காட்டும் தாளே வேண்டும். ஆனால் கட்டடம் எழுந்ததும் பட்டறைக்குப் பணம் சேர்ந்துவிடுகிறது, டீடெய்லர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார், சிவப்புப் பென்சில் பிரதி தொழிற்சாலையின் ஸ்டோர் அறையில் தேயிலைப் பெட்டிகளுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிறது. ஒப்பந்தம் எழுதும்போதே இந்த இறுதி ரிவிஷனுக்கென்று தனியாக ஒரு தொகையை ஒதுக்கி, அது கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுப்பது என்று நிபந்தனை வைக்கும் முதலாளிகள் மட்டும் அதைப் பெறுகிறார்கள்.