புதுப் பற்றரி வாங்குவதற்கு முன்…

ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டம். காலை ஐந்தரை மணி. லயத்து வாசலில் ஒரு பெண் தன் ஸ்கூட்டரின் ஸ்டார்ட் பொத்தானை அழுத்துகிறார். 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டுமே வருகிறது. பின்னால் கட்டிய பெட்டியில் இடியப்பம் ஆறிக்கொண்டிருக்கிறது. கடைகள் திறக்கும் நேரத்துக்கு அது நகரத்தில் இருக்க வேண்டும்.

இவருடைய பெற்றோர் 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டுக் கிளிநொச்சியில் குடியேறியவர்கள். 2009 இல் யுத்தத்தின் இறுதி நாட்களில் இவர் கணவரை இழந்தார். எறிகணைச் சிதறல் பட்ட காலோடு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, உறவினரை நாடித் தோட்டத்துக்கே திரும்பி வந்தார். கிக்கரை ஓங்கி மிதிக்க அந்தக் கால் இடம் தராது.

"தெனமும் யாராவது ஒரு தம்பிகிட்ட மிதிச்சுக் குடுக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கு மிஸ். அதுக்கும் நாலு பேரு கதை கட்டுறாங்க" என்றார்.

சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்யலாமே என நீங்கள் நினைக்கலாம். கியர் உள்ள மோட்டார் சைக்கிளில் அது முடியும். கியர் மாற்றத் தேவையில்லாத ஸ்கூட்டரில் முடியாது. என்ஜின் ஓடாத வண்டியை மலைப்பாதையில் உருட்டுவதும் ஆபத்தானது.

நான்கு மாதங்களுக்கு முன்தான் அவர் புதுப் பற்றரி போட்டிருந்தார். கராஜில் மறுபடியும் "பற்றரி வீக், புதுசு போடுங்க" என்றார்களாம். சமூகவியல் படித்த எனக்குப் பற்றரி பற்றி எதுவும் தெரியாது. எங்கள் நிலையத்துக்கு மின்வேலை செய்ய வரும் அண்ணர் ஒருவரிடம் மீற்றரை இரவல் வாங்கி, அவரிடமே பார்க்கும் முறையையும் கேட்டுக்கொண்டு போனேன். அவர் சொல்லித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பெற்றோல் இருக்கிறதா, பிரேக்கைப் பிடித்தபடி பொத்தானை அழுத்துகிறோமா என்று பாருங்கள். பிறகு சாவியைத் திருப்பி ஹோர்னை அடியுங்கள், சிக்னலைப் போடுங்கள். ஹோர்ன் கம்மிப்போய், சிக்னல் மங்கினால் பற்றரியில் சக்தி குறைவு. ஹோர்ன் உரத்துக் கேட்டும் ஸ்டார்ட் பொத்தானுக்கு எந்தச் சத்தமும் இல்லையென்றால் சுவிட்ச், பியூஸ் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். என்ஜின் வேகமாகச் சுற்றியும் பற்றவில்லையென்றால் பெற்றோல் வரும் வழியையும் பிளக்கையும் பாருங்கள். முன்விளக்கை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். பல பழைய வண்டிகளில் அது என்ஜின் ஓடினால்தான் எரியும்.

அடுத்து, பற்றரியின் முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தாலும், ஆணி தளர்ந்திருந்தாலும் நல்ல பற்றரியே வீக் போலத் தெரியும். சாவியை நிறுத்திவிட்டு முதலில் கழித்தல் முனையையும், பிறகு கூட்டல் முனையையும் கழற்றுங்கள். அப்பச்சோடா கரைத்த நீரில் துணியை நனைத்துத் துடைத்து, காய்ந்ததும் கூட்டல் முனையை முதலில் பூட்டுங்கள். மேலே சிறிது வாஸ்லின் பூசுங்கள். பற்றரியிலிருந்து எரியக்கூடிய வாயு வரும். குப்பி விளக்கையோ நெருப்பையோ கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

இனி மீற்றர். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த 12 வோல்ட் பற்றரி 12.6 அளவில் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12 இற்குக் கீழே போனால் சார்ஜ் போட வேண்டும். நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பின்னும், ஸ்டார்ட் பொத்தானை அழுத்தும்போது 9.6 இற்குக் கீழே விழுந்தால் பற்றரியின் ஆயுள் முடிந்துவிட்டது எனலாம்.

முக்கியமான சோதனை இதுதான். என்ஜினை ஓடவிட்டுச் சற்று முறுக்கினால் மீற்றர் 13.5 இற்கும் 14.5 இற்கும் இடையே காட்ட வேண்டும். இந்தச் சகோதரியின் வண்டியில் அது 12.1 ஐத் தாண்டவில்லை. அதாவது பற்றரிக்குச் சார்ஜ் ஏறவே இல்லை. எத்தனை புதுப் பற்றரி போட்டாலும் அதே கதைதான். வேறொரு மெக்கானிக்கிடம் இதைச் சொன்னோம். ரெகுலேட்டருக்குப் போகும் வயரின் இணைப்பு கருகியிருந்ததை அவர் கண்டுபிடித்து மாற்றித் தந்தார். ஓர் இரவு மெதுவாகச் சார்ஜ் போட்டதும் பழைய பற்றரியே வேலை செய்தது.

மலையகத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. குளிரில் பற்றரியின் பலம் குறையும், என்ஜின் எண்ணெயும் தடிக்கும். சனவரி, பெப்ரவரி மாத விடியற்காலைகளில் பல வண்டிகள் முரண்டு பிடிப்பது இதனால்தான். ஓடாமல் நிற்கும் வண்டியிலும் பற்றரி மெல்ல இறங்கும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வாரத்தில் இரண்டு முறையாவது அரைமணி நேரம் ஓட்டுங்கள். சார்ஜ் போடும்போது 5 அம்பியர் மணி பற்றரிக்கு அரை அம்பியர் போதும். லொறிப் பற்றரிக்குப் போடும் வேகத்தில் போட்டால் அது கெட்டுவிடும்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதனால் எம்மில் பலர் ஓட்டுவது பழைய வண்டிகளையே. அவற்றைப் பற்றி நாமே கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இப்போது அந்தச் சகோதரி விடியற்காலையில் எவரையும் கூப்பிடுவதில்லை. "மிதிச்சுக் குடுங்கன்னு கேக்காம போறதே பெரிய நிம்மதி மிஸ்" என்கிறார்.

சகோதரிகளே, அடுத்த முறை கராஜில் "புதுப் பற்றரி போடுங்கள்" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். "சார்ஜ் ஏறுகிறதா என்று மீற்றரில் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.