பங்கா இழுத்த ஊரும் படிவம் நிரப்பும் ஊரும்

கல்கத்தாவில் சிவில் என்ஜினியராக இருந்த ஜார்ஜ் ஆல்ஃப்ரட் டிபென்னிங் 1856 மார்ச் 3ஆம் தேதி ஒரு விண்ணப்பம் கொடுத்தார். பங்கா என்ற தொங்கு விசிறியை இழுக்க எந்திரம் செய்திருக்கிறேன், அதற்குத் தனியுரிமை வேண்டும் என்று கேட்டார். இந்தியாவின் காப்புரிமைக் கணக்கு அதில்தான் தொடங்குகிறது. (வராந்தாவில் உட்கார்ந்து கயிறு இழுத்த கூலியாளை யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.)

அன்று தலைநகரம் கல்கத்தா. ஆலை, துறைமுகம், வக்கீல் எல்லாம் அங்கே. 1912இல் காப்புரிமை அலுவலகமும் அங்கேதான் வந்தது.

தலைமை அலுவலகம் இன்றும் கொல்கத்தாவில்தான், சால்ட் லேக்கில். ஆனால் டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா என்ற நான்கு அலுவலகங்களில் விண்ணப்பம் மிகக் குறைவாக வருவது அங்கேதான். வங்காளம், பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, வடகிழக்கு என்று அவ்வளவு பெரிய எல்லை இருந்தும் இந்த நிலை. அந்த ஊர்க்காரர்களுக்கு மூளை குறைந்துவிடவில்லை. 1950களில் மத்திய அரசு சரக்குக் கட்டணத்தைச் சமப்படுத்தியது. ஜார்க்கண்ட் பக்கத்து நிலக்கரியும் இரும்பும் நாடெங்கும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைத்தன. சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே ஆலை வைப்பதில் இருந்த லாபம் போயிற்று. 1990களில் கொள்கையைக் கைவிட்டார்கள். அதற்குள் ஆலைகள் மேற்கிலும் தெற்கிலும் வேரூன்றிவிட்டன. ஆய்வுக்கூடமும் என்ஜினியரிங் கல்லூரியும் ஆலையை ஒட்டித்தானே வரும்?

இப்போது முன்வரிசையில் நிற்பது தமிழ்நாடு. 2022-23இல் இங்கிருந்து 7,600க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள். மாநிலங்களில் இதுவே முதலிடம். டிபென்னிங் பெயரில் தொடர்ந்த நிறுவனத்துக்குக்கூட இன்று சென்னையில் அலுவலகம் இருக்கிறது.

மார்தட்டுவதற்கு முன் படிவங்களைப் பார்க்க வேண்டும். 2021இல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தார்கள். ஆன்லைனில் 1,600 ரூபாய்க்கு விண்ணப்பம் போடலாம். கல்லூரிகளின் தரவரிசையில் காப்புரிமைக்கு மதிப்பெண் உண்டு என்பதால் அவை போட்டி போட்டுக்கொண்டு போடுகின்றன. சீக்கிரம் வெளியிடச் சொல்ல ஒரு படிவம், எண் 9. தேர்வாளர் ஆராய்ந்து பார்க்கச் சொல்ல இன்னொன்று, எண் 18, அதற்குத் தனிக் கட்டணம். ஒன்பதோடு நிறுத்திக்கொண்டாலும் பயோடேட்டாவில் 'பேட்டன்ட் பப்ளிஷ்டு' என்று போட்டுக்கொள்ளலாம். பதினெட்டைக் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாக ஆகிவிடும். விண்ணப்ப எண்ணிக்கையை வைத்து மாநிலங்களை வரிசைப்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுவே காரணம். உரிமை கிடைத்தது எத்தனை, அதில் பொருளாகக் கடைக்கு வந்தது எத்தனை என்று கேட்டால் இந்த வரிசை இப்படியே நிற்குமா என்பது சந்தேகம்தான்.

கோவையில் கிரைண்டரையும் பம்பையும் ஆண்டுதோறும் திருத்திக்கொண்டிருக்கும் லேத் பட்டறைக்காரர்களில் பலர் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. வரைபடத்தை வெளியிட்டால் அடுத்த சந்துக்காரன் அதையே செய்துவிடுவான், அவன் மேல் கேஸ் போட யாரிடம் காசு இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி.