ஒரு புரட்சி, மூன்று பிள்ளைகள்

ஜானிக்குப் பதினான்கு வயது. பாஸ்டன் நகரத்து வெள்ளிப் பட்டறையில் தொழில் பழகுகிறான். வேலையில் சூரன், தலைக்கனமும் அதிகம். அவனைப் பிடிக்காத இன்னொரு பையன், வெள்ளி உருக்கும் மூசைகளில் விரிசல் விட்ட ஒன்றை வேண்டுமென்றே எடுத்துக் கொடுக்கிறான். உருகிய வெள்ளி கொட்டிப் பரவ, ஜானியின் கை அதில் பட்டு வெந்துபோகிறது. கட்டைவிரல் உள்ளங்கையோடு ஒட்டிக்கொள்கிறது. பட்டறை வாழ்க்கை அன்றோடு முடிந்தது.

எஸ்தர் ஃபோர்ப்ஸ் எழுதிய 'ஜானி டிரெமெயின்' நாவல் இந்த விபத்தை வைத்துத்தான் நகர்கிறது. பிழைப்புக்கு வழி தேடி அலையும் பையன், குதிரையில் போய்ப் பத்திரிகை போடும் வேலையில் சேர்கிறான். அமெரிக்காவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் புரட்சிக்குத் தயாராகிறவர்கள் ரகசியமாகக் கூடும் இடம் அந்தப் பத்திரிகை அலுவலகம். 1773 டிசம்பர் 16 இரவு பிரிட்டிஷ் வரியை எதிர்த்து 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய கூட்டத்தில் ஜானியும் நிற்கிறான்.

நாவல் வெளிவந்தது 1943-ல். அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியிருந்த நேரம். விடுதலைக்காக உயிரைக் கொடுப்பதில் தவறில்லை என்று கதை உறுதியாகச் சொல்கிறது. ஜானியின் நண்பன் ராப் பிரிட்டிஷ் படையோடு நடந்த லெக்சிங்டன் சண்டையில் குண்டுபட்டுச் சாகிறான். ஒட்டிப்போன விரலை அறுத்துப் பிரித்துவிடலாம் என்கிறார் மருத்துவர். ஜானி சம்மதிப்பது துப்பாக்கி பிடிப்பதற்காக. 1944-ல் நியூபெரி பதக்கம் பெற்ற இந்த நூலைப் படித்து வளர்ந்த அமெரிக்கத் தலைமுறைகள் பல.

1974-ல் வியட்நாம் போரின் கசப்பு ஆறாதிருந்தபோது வந்தது 'மை பிரதர் சாம் இஸ் டெட்'. எழுதியவர்கள் ஜேம்ஸ் லிங்கன் கோலியர், கிறிஸ்டோபர் கோலியர் என்ற சகோதரர்கள். இரண்டாமவர் வரலாற்று ஆசிரியர். கனெக்டிகட்டின் ரெடிங் ஊரில் விடுதி நடத்தும் அப்பாவுக்குக் கலகத்தில் விருப்பமில்லை. மூத்த மகன் சாம் அவருடைய துப்பாக்கியையே தூக்கிக்கொண்டு புரட்சிப் படைக்கு ஓடுகிறான். அப்பா பிரிட்டிஷாரின் சிறைக் கப்பலில் சாகிறார். சாமைக் கொல்வது பிரிட்டிஷார் அல்ல, அவன் சொந்தப் படை. தன் வீட்டு மாட்டைத் திருட வந்த சக வீரர்களைத் தடுக்கப் போனவன்மீதே திருட்டுப் பழி விழுகிறது. மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று அவனைச் சுட்டுக் கொல்கிறார்கள். சாமின் குடும்பம் கற்பனை. ஆனால் 1779-ல் புரட்சிப் படையின் ஜெனரல் பட்னம் ரெடிங்கில் மரண தண்டனைகளை நிறைவேற்றியது வரலாறு. வன்முறையும் வசைச்சொற்களும் இருப்பதாகச் சொல்லி இந்நூலைப் பள்ளிகளிலிருந்து விலக்கக் கோரியவர்கள் ஏராளம். விலக்க வேண்டிய நூலல்ல இது. வெற்றி பெற்ற பக்கமும் அநியாயம் செய்தது என்று பிள்ளைகளுக்குத் தெரிவதில் என்ன கெடுதல்?

மூன்றாவது குழந்தை இசபெல். லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் 2008-ல் எழுதிய 'செயின்ஸ்' நாவலில் வரும் பதின்மூன்று வயது அடிமைப் பெண். இறந்துபோன எஜமானி உயிலில் எழுதிவைத்த விடுதலையை மறைத்து, அவளையும் தங்கை ரூத்தையும் நியூயார்க்கில் பிரிட்டிஷ் மன்னர் கட்சிக்காரர் வீட்டுக்கு விற்றுவிடுகிறார்கள். புரட்சிக்காரர்கள் விடுதலை வாங்கித் தருவார்கள் என்று நம்பி, எஜமானரின் பேச்சை ஒட்டுக்கேட்டு உளவு சொல்கிறாள். ஆபத்து வந்ததும் அவர்கள் கைவிட்டுவிடுகிறார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அவள் கன்னத்தில் ஓர் எழுத்து சுடப்படுகிறது, திமிர் பிடித்தவள் என்று ஊருக்குக் காட்ட. பிரிட்டிஷாரிடம் போனால்? புரட்சிக்காரர்களின் அடிமைகளுக்குத்தான் அவர்கள் விடுதலை தருவார்கள். இவளுடைய எஜமானரோ மன்னர் பக்கம்.

1776-ல் மனிதர் அனைவரும் சமம் என்று அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் எழுதிய தாமஸ் ஜெபர்சன், தன் வாழ்நாளில் அடிமையாக வைத்திருந்தவர்கள் 600 பேருக்கு மேல். அப்போது அமெரிக்கக் காலனிகளில் ஐந்தில் ஒருவர் அடிமை. ஜானியின் கதையில் இந்த ஐந்தில் ஒருவரின் துயரத்துக்கு இடமே இல்லை. அந்தக் குறையை இட்டு நிரப்ப அறுபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஜானியையும் இசபெலையும் அடுத்தடுத்துப் படிக்கக் கொடுங்கள். சாமின் கதையைப் பெற்றோர் உடன் உட்கார்ந்து படிப்பது நல்லது, முடிவு கனமானது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், 'செயின்ஸ்' வாங்குங்கள்.