பின்னால் ஒலிக்கும் ஹாரன்

பத்தாம் வகுப்பு மாணவி

காலை எட்டு மணிக்குத் திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு சாலையோரம் நின்று பார்த்தவர்களுக்கு நாங்கள் எழுதப்போவது புதிதன்று. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்வரும் காய்கறி லாரிகள், நேரத்தோடு போட்டியிடும் பஸ்கள், கொடைக்கானல் மலைக்கு விரையும் கார்கள், பால் வண்டிகள், ஆட்டோக்கள் ஆகிய இத்தனைக்கும் நடுவே முதுகில் புத்தக மூட்டையுடன் சைக்கிளில் வருகிறோம் நாங்கள் ஐவர். வீட்டிலிருந்து பள்ளிக்கு நான்கு கிலோமீட்டர். அந்த நான்கு கிலோமீட்டரில் எத்தனை பேர் எங்கள் மீது கோபித்துக்கொள்கிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணிப் பார்க்கத் தொடங்கினோம். மூன்றாம் நாளே எண்ணுவதை விட்டுவிட்டோம்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறோம். சென்ற ஜூலை மாதத்தில் ஒரு நாள். நாங்கள் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டே வந்துகொண்டிருந்தோம். அது தவறுதான்; ஒருவர் பின் ஒருவராக வந்திருக்க வேண்டும். பின்னால் வந்த கார் ஒன்று நீண்ட ஹாரன் அடித்தது. விலகினோம். விலகிய பிறகும் ஹாரன் நிற்கவில்லை. எங்களில் ஒருத்திக்குப் பொறுக்கவில்லை. "ரோடு என்ன உங்க வீட்டுச் சொத்தா?" என்று கையை நீட்டிக் கத்திவிட்டாள். அவள் பெயர் வேண்டாம். இக்கட்டுரையை எழுதும் பேனாவுக்கு மிக அருகில் இருப்பவள் என்று மட்டும் சொல்லி வைக்கிறோம்.

கார் வேகத்தைக் குறைத்தது. எங்களை ஒட்டியே சிறிது தூரம் வந்தது. பிறகு சட்டென்று இடது பக்கம் வெட்டி, பிரேக் போட்டு, மீண்டும் சீறிப் பறந்தது. கத்தியவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வரிசையில் முதலில் போய்க்கொண்டிருந்த தோழி, ஒரு வார்த்தையும் பேசாதவள், தார் விளிம்பிலிருந்து சக்கரம் நழுவி ஜல்லியில் விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எறிபந்துப் போட்டியில் அவ்வாண்டு நம் பள்ளி அணி அவள் இல்லாமல் ஆடியது. கார் எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள்தாம் எங்களுக்கு நினைவிருந்தன. இரண்டு இலக்கத்தை வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் என்ன செய்ய முடியும்?

அன்று கூடி நின்றவர்களில் பலர், "போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவருமே" என்று தயங்கி நின்றதையும் கண்டோம். பூ விற்கும் ஓர் அம்மாதான் கூடையை வைத்துவிட்டு ஓடிவந்து தூக்கினார். அந்தத் தயக்கம் தேவையற்றது என்று பின்னர் அறிந்தோம். விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரைக் காக்கவென்றே மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு ஒரு தனிப் பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். தம் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த இயலாது. 108க்குத் தகவல் சொல்வதற்கும் அடிபட்டவரைத் தூக்கிவிடுவதற்கும் யாரும் அஞ்ச வேண்டியதில்லை. அந்த அம்மாவுக்கு எந்தச் சட்டமும் தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

சரி, வீட்டில் நல்லவராக இருக்கும் ஒருவர் வண்டியில் ஏறியதும் ஏன் இப்படி மாறிவிடுகிறார்? பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்திலேயே இதற்குப் பாதி விடை இருக்கிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, ஆபத்து வரும்போது அட்ரீனலினைச் சுரக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வேகமாகிறது, தசைகள் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தமாகின்றன. காட்டில் புலியைக் கண்டால் இது உயிர் காக்கும். ஆனால் டிரைவர் சண்டையிடவும் முடியாது, ஓடவும் முடியாது. இருக்கையில் உட்கார்ந்தே இருக்க வேண்டும். ஏறிய வேகம் இறங்க வழியின்றிக் கையிலும் காலிலும் வந்து நிற்கிறது. கை ஹாரனுக்கும் கால் ஆக்ஸிலேட்டருக்கும் போகின்றன. அதோடு, கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருப்பவரை யாருக்கும் தெரியாது. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவரைப் பார்த்து நாம் அப்படிக் கத்துவோமா? முகம் தெரியும் இடத்தில் நாக்கு அடங்குகிறது.

மீதிப் பாதி விடையை எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தையிடமிருந்து பெற்றோம். அவர் தனியார் டவுன் பஸ் ஓட்டுபவர். "எங்க அப்பாவையே கேளுங்களேன்" என்று அவள் சொன்னபோது எங்களுக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. ஏனெனில் மதிய உணவு வேளையில் பஸ் டிரைவர்களைப் பற்றி நாங்கள் பேசிய பேச்சையெல்லாம் அவளும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் பஸ் நிற்கும் ஷெட்டுக்குப் போனோம். "மாமா, நீங்க எல்லாரும் ஏன் எங்க மேல இவ்வளவு ஹாரன் அடிக்கிறீங்க?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "முதல்ல இங்கன ஏறி உக்காரு பாப்பா. அப்புறம் பேசுவோம்" என்றார். ஒவ்வொருத்தியாக டிரைவர் இருக்கையில் ஏறி அமர்ந்தோம். கீழிருந்து பார்க்கும்போது எல்லாம் தெரியும் ராஜாவைப் போல் டிரைவர் உயரத்தில் இருக்கிறார் என்றுதான் எண்ணியிருந்தோம். ஏறிப் பார்த்தால் கதையே வேறு. அவர் ஒருத்தியைப் பஸ்ஸின் இடது பக்கம், முன்படிக்குச் சற்றுப் பின்னால், சைக்கிளோடு ஒட்டி நிற்கச் சொன்னார். "இப்ப அந்தப் பாப்பா எங்க?" என்று கேட்டார். காணவில்லை. கண்ணாடியில் தேடினால் பஸ்ஸின் ஓரமும் சுவரும் தெரிந்தன, தோழி தெரியவில்லை. இரண்டடி விலகி நின்ற பிறகே கண்ணாடியின் மூலையில் அவளது நீல ரிப்பன் தென்பட்டது. இன்னொருத்தியை முன்பக்கம் பம்பரருகே, கழன்ற செயினை மாட்டுபவள் போல் குனியச் சொன்னார். அவளும் மறைந்துபோனாள். "படியில நாலு பேரு தொங்குனா அந்தக் கண்ணாடியும் கிடையாது" என்றார்.

அடுத்து அவர் சொன்னதை எங்கள் சைக்கிள் தோழியர் அனைவரும் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். பஸ்ஸோ லாரியோ திரும்பும்போது, முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போவதில்லை. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வண்டி நீளமாக இருக்க இருக்க இந்த வெட்டும் பெரிதாகும். இடப்பக்கம் இடைவெளி இருக்கிறதே என்று, திரும்பப்போகும் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே நாம் நுழைகிறோம். முன்பாகம் நம்மைக் கடந்து போய்விட்டது என்று நிம்மதியடையும் வேளையில் பின் சக்கரம் நம்மிடம் வந்து சேர்கிறது. டிரைவருக்கோ நாம் அங்கே இருப்பதே தெரியாது. கோபக்காரர் மட்டுமன்று, பரம சாதுவான டிரைவரும் அங்கே நம்மைக் காப்பாற்ற இயலாது.

ஹாரன் கேள்விக்குக் கடைசியில் விடை வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நேரம் குறித்திருக்கிறார்கள். இரண்டு நிமிடம் பிந்தினால் பின்னால் வரும் பஸ் முந்திக்கொண்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். வசூல் குறைந்தால் பேட்டா குறையும். பஸ் நிலையத்தில் டைம் கீப்பரிடம் பேச்சு வாங்க வேண்டும். "நாலு நடை ஓட்டுறதுக்குள்ள மண்டை காஞ்சுரும் பாப்பா. கோவத்துல நானும் தேவையில்லாம அமுக்கியிருக்கேன், இல்லைன்னு சொல்லல" என்று அவர் கூறியபோது அவர் மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய நேர்மை எங்களுக்குப் பிடித்தது. ஆனாலும் ஒன்று சொல்லிவிட்டு வந்தோம். "மாமா, உங்க அவசரத்துக்குக் காரணம் இருக்கு. எங்க கைக்கு மாற்று இல்லையே" என்றோம். அவர் பதில் பேசவில்லை.

அவசரத்தால் கிடைக்கும் லாபந்தான் என்ன? எங்கள் நான்கு கிலோமீட்டரையே எடுத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 6 நிமிடம். 60 வேகத்தில் போனால் 4 நிமிடம். மிச்சம் 2 நிமிடம். அதையும் அடுத்த சிக்னல் விழுங்கிவிடும். நஷ்டத்தைப் பாருங்கள். 60 வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைக்கவே ஒரு விநாடி வேண்டும். எங்கள் வகுப்பறையை அளந்தோம். 7 மீட்டர் நீளம். அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே வண்டி இரண்டு வகுப்பறைகளைத் தாண்டிவிடுகிறது. வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரமும் அவ்வாறே. இதில் சைக்கிளின் பின் சக்கரத்தை முட்டுவதுபோல் நெருங்கி வந்து ஹாரன் அடிப்பவர், நாம் ஒரு கல்லில் தடுமாறினால் என்ன செய்வார்?

இந்திய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 460 பேர். நம் பள்ளியில் பத்து வகுப்பறைகள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நம் தமிழ்நாடே முதலிடம்.

நாங்கள் இப்போது செய்துவருவதைச் சொல்கிறோம். பின்னால் ஹாரன் கேட்டால் திரும்பி முறைப்பதில்லை. திரும்பும்போது சைக்கிளும் திரும்பிவிடுகிறது. முறைப்பு அவர் கோபத்துக்கு எண்ணெய். அதற்காகப் பதறிக்கொண்டு ஓரத்துக்கு ஒடுங்குவதுமில்லை. தார் விளிம்பு சில இடங்களில் அரையடி இறக்கமாக இருக்கிறது. எங்கள் தோழி விழுந்தது அங்கேதான். விளிம்பிலிருந்து ஒரு கை அளவு உள்ளே நேராக ஓட்டிச் சென்று, அகலமான இடம் வந்ததும் இடப்பக்கம் ஒதுங்கி, இறங்கி நின்று, அவரைப் போகவிடுகிறோம். இது தோல்வி என்று முதலில் தோன்றியது. அவர் முன்னால் போய்விட்டால் அவரை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். பின்னால் இருந்தால் முடியாதல்லவா? இவ்விடயத்தில் எங்களுள் கருத்து வேறுபாடு இன்னும் உண்டு. "எப்போதும் நாமே ஒதுங்க வேண்டுமா? சாலைக்கு வரி கட்டுபவர்கள் அவர்கள் மட்டுமா?" என்று ஒருத்தி கேட்கிறாள். கேள்வி நியாயமானதே. ஆனால் அதைக் கேட்கும் இடம் லாரிச் சக்கரத்தின் அருகில் இல்லை.

கேட்கும் இடம் வேறு உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவின்படி, அபாயகரமாக வண்டி ஓட்டுவது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின், முதல் முறைக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். காதைப் பிளக்கும் பலகுரல் ஹாரன்களுக்கும் விதிகளில் தடை உண்டு. ஆனால் சட்டத்துக்கு வண்டி எண் வேண்டும். ஆகவே கோபம் வரும்போது வாயைத் திறப்பதற்குப் பதிலாக எண் பலகையைப் படிக்கப் பழகிவருகிறோம். கடைசி நான்கு இலக்கங்களை ஐவரும் சேர்ந்து மூன்று முறை உரக்கச் சொல்லிக்கொள்வோம். பள்ளிக்கு வந்ததும் எண், நேரம், இடம், வண்டியின் நிறம் ஆகியவற்றை எழுதிச் சிஸ்டரிடம் கொடுத்துவிடுவோம். ஒரு வேன் அவ்வாறு மூன்று முறை பிடிபட்டு, இப்போது பூனைபோல் வருகிறது.

வேண்டுமென்றே உரசுவதுபோல் வந்து பயமுறுத்திச் சிரிக்கும் மோட்டார் சைக்கிள் இளைஞர்களும் உண்டு. மாணவியர் பலருக்கு இது தெரிந்ததே. வீட்டில் சொன்னால் சைக்கிளையே நிறுத்திவிடுவார்களோ என்று சொல்வதில்லை. பெற்றோரே, தயவுசெய்து சைக்கிளை நிறுத்தாதீர்கள்! யாராவது பின்தொடர்ந்தால் நேரே வீட்டுக்குப் போகக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நம் வீடு எது என்பதை அவனுக்குக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். பெட்ரோல் பங்க், மருந்துக்கடை, கோயில் வாசல் என்று ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் நின்று, 100க்கு அழைக்கச் சொல்ல வேண்டும்.

வெகுளாமை என்று ஓர் அதிகாரமே பாடிவைத்தார் வள்ளுவர். அவர் காலத்தில் மோட்டார் இல்லை. மோட்டார் வந்த பின் 2007ஆம் ஆண்டில், வண்டி ஓட்டுவோருக்கென்று பத்துக் கட்டளைகளை வத்திக்கான் வெளியிட்டது. மோட்டார் வண்டியை அதிகாரத்தைக் காட்டும் கருவியாக்கக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. இதை நாங்கள் படித்தபோது எங்கள் நினைவுக்கு வந்தது லாரியும் பஸ்ஸும் இல்லை, மாலை 4.20க்கு நம் பள்ளி வாசல்! பெற்றோர் பொறுத்தருள்க. தம் மகளை முதலில் ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும் என்று அங்கே அடிக்கப்படும் ஹாரன்களும், பிற பிள்ளைகளின் கால்களை ஒட்டிப் பின்னோக்கி வரும் கார்களும், பஸ் டிரைவர் மாமாவையே வெட்கமடையச் செய்யும். அவருக்காவது டைம் கீப்பர் இருக்கிறார்.

மாவுக்கட்டுப் பிரித்த தோழி செப்டம்பர் முதல் மீண்டும் சைக்கிளில் வருகிறாள். முதலில் இரண்டு வாரம் அவள் தந்தை ஸ்கூட்டரில் எங்கள் பின்னாலேயே வந்தார். இப்போது வருவதில்லை. அவள் வரிசையில் முதலில் போவதை நிறுத்திவிட்டாள், நடுவில் வருகிறாள். முதலில் போகிறவள் யார் என்று கேட்காதீர்கள். பின்னால் ஹாரன் கேட்டால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அகலமான இடம் பார்த்து ஒதுங்கி, இடது காலைத் தரையில் ஊன்றுகிறாள். வண்டி கடந்ததும் நான்கு இலக்கங்களை உரக்கச் சொல்கிறாள். பின்னால் நிற்கும் நால்வரும் திருப்பிச் சொல்கிறோம்.